பூட்டைத் திறவுங்கள், மேட்டை அவள் பார்த்துக்கொள்வாள்

இந்த மகளிர் குழு ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, தளராமல் தலைநிமிர்ந்து வீற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் நாராயணப்பன் அவர்களே! மாந்தோப்புக்கு மருந்தடித்த கையோடு மண்மணக்க வந்திருக்கும் மூத்தோர்களே! முதல் ஷிஃப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தோழிகளே! பெற்று வளர்த்த தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் உட்கார மனமில்லாமல் ஒலிபெருக்கிக் கம்பத்தில் சாய்ந்து நிற்கும் எங்கள் ஊர் ஆண் சிங்கங்களே! அனைவருக்கும் இந்த முனிலட்சுமியின் வணக்கம்.

என்னை நன்றியுரைக்குத்தான் கூப்பிட்டார்கள். இரண்டே நிமிடம் என்றார் தலைவர். ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள். நன்றி கடைசியில் வரும். அதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சல் வரும்.

நம் கூட்டுரோட்டில் தினமும் பிற்பகல் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. பெண்கள் இறங்குகிறோம். விடியும் முன்னே அடுப்பு மூட்டி, விடிந்த பின்னே ஓடி பஸ் பிடித்து, நின்ற காலில் ஷிஃப்ட் முழுக்க வேலை பார்த்து இறங்குகிறோம். இறங்கி என்ன செய்கிறோம்? காத்திருக்கிறோம்! வீட்டுக்காரர் பைக்கில் வந்து கூட்டிப்போவார் என்று வெயிலில் காத்திருக்கிறோம். போன் போட்டால், "தோ, கெளம்பிட்டேன்" என்கிறார். பின்னாலேயே கேரம்போர்டு சத்தம் கேட்கிறது! சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நிற்கிறவள் காலுக்கு அல்லவா தெரியும் வலி!

அப்படி நின்று நின்று வெறுத்துப் போனவள்தான் அனிதா. அதோ, வேப்பமரத்தடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாளே, நவீன்குமாரின் மனைவி, சென்னம்மாளின் மருமகள், என்னோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவள். தலையை நிமிர்த்தம்மா. நீ ஒரு தப்பும் செய்யவில்லை.

ஒருநாள் கம்பெனி கேட் அருகே சைக்கிள் சங்கத்தார் வந்து நின்றார்கள். கிருஷ்ணகிரி அணை வரைக்கும் போய்த் திரும்பும் சவாலாம். பள்ளிக்கூட நாளில் சைக்கிளில் பறந்தவள் அனிதா. ஆசையோடு போய்க் கேட்டாள். "ஞாயித்துக்கெழமை விடிகாலையில வந்துடுங்க மேடம், மத்தியானத்துக்குள்ள திரும்பிடலாம்" என்றார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க்கா, ஞாயித்துக்கெழமை மத்தியானம் வரைக்கும் எங்க வூட்டுல கறிக்கொழம்பு தானா கொதிக்குமா?" என்றாள்.

தோழர்களே! ஞாயிறு என்பது ஆணுக்கு ஓய்வு நாள். பெண்ணுக்கு? பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல், மாமியாருக்கு வெந்நீர், வாரத்துத் துணி மொத்தமும் துவைகல்லில்! இந்த நாட்டில் சவால் விடுகிறவர்கள் எல்லாம், வீட்டில் வேறொருத்தி சமைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற தைரியத்தில்தானே விடுகிறார்கள்? இல்லையென்று யாராவது மேடையேறிச் சொல்லுங்கள் பார்ப்போம்!

அனிதா அழவில்லை. அவளுக்கென்று ஒரு சவாலைத் தேடினாள். வேலையைக் கெடுக்காத சவால், வீட்டைப் பட்டினி போடாத சவால். எங்கே கிடைத்தது தெரியுமா? கூட்டுரோட்டிலிருந்து நம் ஊருக்கு ஏறுகிற முனியப்பன் கோயில் மேடு! பைக்கே முக்கி முனகி ஏறும் மேடு. கியர் இல்லாத பழைய லேடீஸ் சைக்கிளில், நடுவில் ஓரிடத்திலும் கால் ஊன்றாமல் அந்த மேட்டை ஏற வேண்டும். அதுதான் அவள் தனக்குத்தானே விட்டுக்கொண்ட சவால். காலையில் சைக்கிளிலேயே இறங்கி வந்து கூட்டுரோட்டில் நிறுத்தினாள்; பிற்பகலில் காத்து நின்று வீணாக்கிய நேரத்தைக் கையில் எடுத்தாள். அவ்வளவுதான்.

முதல் நாள் சிறுபாலத்திலேயே மூச்சு வாங்கி இறங்கினாள். பிறகு மாந்தோட்டக் கேட் வரை. பிறகு வளைவு வரை. பஸ்ஸில் பேச்சே அதுதான். "இன்னிக்கு எதுவரைக்கும்டி?" என்று கேட்காத வாய் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் வரும் பூங்கொடி தனக்கும் ஒரு சைக்கிள் தேடினாள். சுமலதா தன் அண்ணன் மகனுடைய சைக்கிளைக் கேட்டு வாங்கினாள். கடைசியில் அனிதாவுக்கு மிச்சம் இருந்தது கோயிலுக்குக் கீழே உள்ள ஒரே ஒரு ஏற்றம்தான்!

அங்கேதான் வந்தது வினை. டீக்கடையில் ஒரு வாய் கேட்டது: "இன்னாப்பா நவீனு, உம் பொண்டாட்டி மேட்டுல சர்க்கஸ் காட்டுறாளாமே?" அவ்வளவுதான், நம் தம்பிக்கு மானம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது! தெருவே பார்க்க, வாசல் கொய்யாமரத்தில் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். சாவி அவர் சட்டைப்பையில்! கூட்டுரோட்டில் பழையபடி காத்து நிற்கிறாள் அனிதா. நேற்று சென்னம்மாள் அக்கா என்னிடம் வந்து கண்கலங்கினார். "அவ சோறு போடறா, கொழந்தைங்கள பாக்கறா, எல்லாம் செய்யறா முனி. ஆனா ஒரு சிரிப்பு இல்ல. வூடே வூடாட்டம் இல்ல" என்றார். கேட்டதும் என் ரத்தம் கொதித்தது.

என்ன? யார் அங்கே? "யான வந்தா யாருங்க்கா பொறுப்பு?" என்றா கேட்கிறாய்? வா தம்பி, முன்னால் வா! சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கினால் நானே வீட்டைவிட்டு வரமாட்டேன். ஆனால் அன்றைக்கு நீயும் வரக்கூடாது அல்லவா? அதே ரோட்டில் இருட்டின பிறகு நீ மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பைக்கில் போகிறாயே, யானை உனக்கு மட்டும் வழிவிடுகிறதா? பட்டப்பகலில் சைக்கிளில் போகிற பொம்பளை மட்டும்தான் அதன் கண்ணில் படுகிறாளா? யானைக்குத் தெரியாத பாகுபாட்டை உனக்கு யாரப்பா சொல்லிக் கொடுத்தது?

சம்பாதிக்க அனுப்புவீர்கள், சைக்கிளுக்கு அனுப்ப மாட்டீர்கள்! மிஷின் ஓட்டலாம், மேடு ஏறக்கூடாது! பணம் வந்தால் பெருமை, அவளுக்குச் சிரிப்பு வந்தால் அவமானமா? கேட்கிறேன், பதில் சொல்லுங்கள்!

தம்பி நவீன்குமார், உன்னைத்தான். ஒளியாதே. அந்தச் சாவியை எடு. என்ன? "வூட்டுக்குப் போயி தர்றேங்க்கா"வா? முடியாது! பூட்டியது தெருவறிய, கொடுப்பதும் ஊரறிய! எடு... ம்... அம்மா கையில் கொடுக்கிறாயா? மனைவி முகத்தைப் பார்க்கக் கூச்சம் போலிருக்கிறது. பரவாயில்லை, கூச்சமாவது வந்ததே. சென்னம்மாள் அக்கா, நீங்களே அவள் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டார்! தட்டுங்கள் கையை!

தலைவர் அவர்களே, கூட்டத்தை இத்தோடு முடித்துக்கொள்வோம். எழுந்திருங்கள், எல்லோரும் இப்போதே மேட்டுக்குப் போவோம்! ஊரே கூடி நின்று... இரு, அனிதா எழுந்து ஏதோ சொல்கிறாள். மைக்கை அங்கே கொடுங்கள்.

"வேணாங்க்கா. இன்னிக்கு வேணாம். சும்மா ஒக்காந்துட்டுப் போயி ஏறுனா அது ஏறுனது இல்ல. நாளைக்கு ஷிஃப்ட் முடிச்சு, சாப்பாட்டுப் பையோட ஏறுறேன். யாரும் பின்னாடி கை வெச்சுத் தள்ளாதீங்க. எறங்கிட்டேன்னா எறங்கிட்டேன். நாளன்னைக்கு ஏறிக்கறேன்."

கேட்டீர்களா? இதற்குமேல் எனக்கு மேடை எதற்கு? டீக்கடை அண்ணன்மார்களே, நாளைப் பிற்பகல் நீங்கள் அவளுக்குத் தண்ணீர் தர வேண்டாம், தைரியம் சொல்ல வேண்டாம். ரோட்டை அடைத்து நிற்காமல் பைக்கை ஓரமாக நிறுத்துங்கள், போதும். தலைமை தாங்கிய பெரியவருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், என் கோபத்தைப் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வருகிறேன், வணக்கம். காலையில் பஸ்ஸைத் தவறவிடாதே அனிதா.