புகைக்குழாயில் கவிழ்த்த டப்பா

பெயர்: கலாவேஜ். வயது: 38. கணவர் பெயர்: தௌஃபீக். முகவரி: ஹானேவர் மலைக்கிராமம், மேலிருந்து மூன்றாம் அடுக்கு, மரீவான் வட்டம். நாள்: பஹ்மன் மாதம் 16, காலை பத்து மணி.

நான் மேற்கண்ட முகவரியில் கணவருடனும் மகள் ஷேனேவுடனும் குடியிருக்கிறேன். எங்களுக்கு நேர் கீழே இருப்பது என் கணவரின் தம்பி சாபிர் வீடு. அவர் வீட்டு மொட்டைமாடிதான் எங்கள் வீட்டு முற்றம். எங்கள் ஊரில் எல்லா வீடுகளும் அப்படித்தான். மேல் வீட்டார் தங்கள் கூரைப் பனியை முற்றத்தில் தள்ளுவார்கள், கீழ் வீட்டார் அதை இன்னும் கீழே தள்ளுவார்கள், கடைசியில் அது ஓடையில் போய் விழும். கீழ் வீட்டார் ஊரில் இல்லையென்றால் அவர்கள் பங்கையும் மேல் வீட்டார்தான் தள்ளியாக வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் இது சம்பந்தமாகத் தகராறு நடந்தது. சாபிர் வீட்டு உத்தரத்தில் விரிசல் விட்டது. "உங்க பனிய என் தலையில கொட்டித்தான் நீங்க பொழைக்கணுமா?" என்று அவர் கத்தினார். அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. நானும் ஓரகத்தி ஷம்ஸியும் பேச்சை நிறுத்தவில்லை. ஆண்களுக்கு வீம்பு இருக்கலாம், எங்களுக்கு ரொட்டி சுடும் அடுப்பு ஒன்றுதான்.

அதன் பிறகு இந்த இலையுதிர் காலத்தில் சாபிர் குடும்பம் குளிருக்குப் பயந்து மரீவானுக்குப் போனது. வீட்டுச் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. போகும்போது ஷம்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, குழாய் மேல டப்பா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க. பனி உள்ள எறங்குனா வீடு பூரா கரி வழியும்" என்றாள். சரி என்றேன். அவர்கள் கணப்பின் புகைக்குழாய் எங்கள் முற்றத்தின் ஓரம், கீழ்ச் சந்துக்கு இறங்கும் படிகளை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. குழாயில் டப்பா கவிழ்த்திருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

பஹ்மன் 14ஆம் தேதி விடியலில் பனி கொட்டத் தொடங்கியது. இப்படி ஒரு பனியை நான் பார்த்ததில்லை. காற்றும் வாரியடித்ததால் கொட்டிலுக்குப் போய்த் திரும்புவதற்குள் என் காலடித் தடமே மூடிவிட்டது. எங்கள் வீட்டு உத்தரம் முனகியது. ஷேனே மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றாள். எனக்கும் அங்கேயே போய் உட்காரத்தான் தோன்றியது.

சுமார் பத்து மணிக்கு என் கணவர் பனி தள்ளும் பலகையோடு கூரையில் ஏறினார். நான் முற்றத்துக்கு வந்தபோது சாபிரின் குழாயில் டப்பா இல்லை. புகையும் இல்லை. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய்த் தக்காளி விழுது டப்பா ஒன்றை எடுத்துவந்து, வாய் பொருந்துகிறதா என்று பார்த்து, குழாயில் கவிழ்த்து, கையால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினேன். ஷம்ஸிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று மனதுக்குள் திருப்தியாகக்கூட இருந்தது.

அதன் பிறகு என் கணவர் மேலிருந்து பனியைத் தள்ளினார். குழாய் முழுதும் மூடிப்போனது. எங்கள் கூரை இறங்கிவிடும் என்ற பயத்தில், கீழே தள்ளுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். "எங்க கொட்டட்டும்?" என்று அவர் கேட்டதற்கு, "எல்லாத்தையும் உங்க தம்பி தலையிலயே கொட்டுங்க!" என்றேன். பக்கத்து வீட்டு நாஹிதே இதைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறாள். உண்மைதான், சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சிரிப்பு அவள் காதில் விழவில்லை போலும்.

மதியம் ஒரு மணி அளவில் ஷம்ஸி போனில் கூப்பிட்டாள். "அக்கா, அவரு வந்து சேந்தாரா? காலைல ரொட்டி வண்டியில ஏறிப் போனாரு."

"யாரு? எதுக்கு?"

"எங்க கூரைப் பனிய அவரே தள்ளணுமாம். அண்ணன்கிட்ட கடமைப்படக் கூடாதாம்."

போனைப் போட்டுவிட்டு ஓடினேன். கணவரிடம் சொன்னேன். அவர் தம்பியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழைத்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவர் வாயில் அன்றுதான் கேட்டேன். படியில் இறங்கப் பார்த்தார். கீழ்ச் சந்தில் பனி சாபிர் வீட்டு வாசலுக்கு மேல் நிறைந்திருந்தது. குழாய் எந்த இடம் என்று தெரியாமல் நான் வெறுங்கையால் தோண்டினேன். அவர் கடப்பாரையால் எங்கள் முற்றத்தையே உடைத்து உள்ளே குதித்தார்.

சாபிர் கணப்புக்குப் பக்கத்தில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சுருண்டு கிடந்தார். முகம் செம்பு நிறமாகியிருந்தது. கணப்பின் அருகே ஒரு பழைய எண்ணெய் டப்பா இருந்தது. அவர்கள் குழாயில் கவிழ்த்திருந்த டப்பா அதுதான். கணப்பு மூட்டுவதற்காகப் படியில் இறங்கும்போதே அவர் எட்டி எடுத்திருக்கிறார்; அவர் மூட்டுவதற்குள் நான் குழாயை அடைத்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. ஊரார் அவரை ஏணியில் கட்டிச் சாலை வரை தூக்கிப் போனார்கள். மரீவான் ஆஸ்பத்திரியில் இன்று வரை அவர் கண் திறக்கவில்லை.

பழைய பகையால் அண்ணன் தம்பியைக் கொல்லப் பார்த்தான் என்று ஊர் பேசுகிறது. டப்பாவைத் தானே கவிழ்த்ததாக என் கணவர் நேற்று இந்தக் காவல் நிலையத்தில் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது பொய். டப்பா காணாமல் போனதுகூட அவருக்குத் தெரியாது. என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார். கவிழ்த்தவள் நான்.

இன்று காலை ஷம்ஸி ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டாள். "அக்கா, டப்பா அவரு எடுத்துட்டுத்தான உள்ள போனாரு? பின்ன எப்படி?" என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டு இங்கே வந்தேன். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டியதோ குறைத்ததோ இல்லை, அத்தனையும் நடந்தது. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை. வலது கை விரல்கள் பனியில் வெந்து கட்டுப் போட்டிருப்பதால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன்.

(இடது பெருவிரல் ரேகை)
கலாவேஜ்