ஆடி போகட்டும் என்றேன்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் ஜோதிலட்சுமி அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தோட்டவேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் தலை குனிந்து அமர்ந்திருக்கும் தகப்பனை இழந்த தம்பி சுரேஷ்கண்ணன் அவர்களே! உங்கள் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன். உத்தமபாளையம் கோர்ட்டில் முப்பத்தொரு வருஷமாக வக்கீலாக நிற்கும் ஈஸ்வரபாண்டி நான். மறைந்த தலைமையாசிரியர் சுருளிராஜன் அவர்களைப் புகழ்ந்து பேச அழைத்தீர்கள். புகழத்தான் போகிறேன். அதோடு ஒரு குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சுருளிராஜன் நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் ஒரு வார்த்தையை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டார். ரிவர்ஷன். தலைமையாசிரியராகப் பதினோரு மாதம் இருந்தபின், சீனியாரிட்டி பட்டியல் மாறிவிட்டது என்று பழையபடி ஆசிரியராக இறக்கினார்கள். மறுநாள் காலையில் அவரே அறையைக் காலி செய்தார். "அப்பீல் போடுவமா?" என்று நான் கொதித்தேன். "போடு மாப்ள. ஆனா இப்ப பத்தாம் வகுப்புக்கு மணியடிச்சிட்டாக, நான் போகணும்" என்றார். பதவி திரும்பிவர நான்கு வருஷம் ஆனது. அந்த நான்கு வருஷத்தில் ஒரு நாளாவது முகம் சுளித்தாரா? அவரோடு வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

அவருடைய திராட்சைத் தோட்டத்தை எல்லோருக்கும் தெரியும். ஒரு கோடையில் ஒட்டுக்கட்டிய கொடிகள் சில கருகிப்போயின. ஒட்டுக்குக் கீழே வேர்ப்பகுதியிலிருந்து புதுக்கொடி கிளம்பிப் பந்தல் முழுக்கப் பச்சையாகப் படர்ந்தது. நான் பார்த்து, "பரவால்லையே, தழைஞ்சிருச்சே" என்றேன். அவர் அரிவாளை எடுத்து வெட்டத் தொடங்கினார். "இது நாம வச்ச கொடி இல்ல மாப்ள, காட்டுக்கொடி. பாக்க நல்லாத்தான் இருக்கும், பழம் தராது. செடி பழைய குணத்துக்கே திரும்புறதுக்கும் ரிவர்ஷன்னுதான் பேரு. நாம கவனிக்காம விட்டா எல்லாமே அப்பிடித்தான்" என்றார்.

சட்டத்திலும் அந்த வார்த்தை உண்டு. கொடுத்த சொத்து கொடுத்தவருக்கே திரும்புவதற்கு அந்தப் பேர். என் குற்றமும் அதில்தான் இருக்கிறது.

நம் ஊர் தொடக்கப்பள்ளி நிற்கும் இடத்தை சுருளிராஜனின் தகப்பனார் ஒச்சாண்டி அவர்கள் தானமாக எழுதிக் கொடுத்தார். யாரும் பின்னால் அதை அமுக்கிவிடக் கூடாது என்று பத்திரத்தில் ஒரு நிபந்தனை வைத்தார். அங்கே படிப்பு நின்றுபோனால், இடம் அவருக்கோ அவர் வாரிசுக்கோ திரும்ப வேண்டும். அன்றைக்கு நூற்றைம்பது பிள்ளைகள் படித்தார்கள். இன்றைக்கு எத்தனை பேர்? இரண்டு பேர். இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு, வருகிற வருஷம் அவர்களும் போய்விடுவார்கள்.

போன ஆனி மாதம் சுருளிராஜன் அந்தப் பத்திரத்தோடு என் ஆபீசுக்கு வந்தார். "எங்கய்யா நல்ல மனசோடதான் எழுதி வச்சாக. ஆனா இப்ப படிச்சா, பள்ளிக்கூடம் செத்தா எனக்கு லாபம்னுல இருக்கு! அந்த லாபம் எனக்கு வேணாம். உரிமைய விட்டுட்டேன்னு ஒரு பத்திரம் போடு. பிள்ளைக இல்லாட்டியும் அந்த இடம் ஊருக்கே இருக்கட்டும்" என்றார். நான் எழுதியும் முடித்தேன். கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்வதுதான் பாக்கி. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நம்மில் யார் பத்திரம் பதிகிறோம்? "ஆடி போகட்டும், ஆவணியில நல்ல முகூர்த்தமாப் பாத்து முடிச்சிருவோம்" என்றேன். "விட்டுக்குடுக்குறதுக்கு எதுக்குய்யா முகூர்த்தம்?" என்றார். நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஆடி இருபதாம் தேதி போனில் ஒரு செய்தி அனுப்பினார். பத்திரம் என்ன ஆயிற்று, கைண்ட்லி ரிவர்ட், என்று. பதில் சொல் என்பதற்கு இப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று முன்பு அவரே கேலி செய்வார். நாளைக்குப் பேசலாம் என்று விட்டுவிட்டேன். இருபத்திரண்டாம் தேதி விடியலில், தோட்டத்துக்குக் கிளம்பும்போது மாரடைப்பு. அந்தப் பதிலை நான் இனி யாருக்கு அனுப்புவேன்?

காரியம் முடிந்த மறுநாள் தம்பி சுரேஷ்கண்ணன் வந்தார். "மாமா, பள்ளிக்கூடத்த மூடிட்டா அந்த இடம் எனக்குத்தான வரும்?" என்று கேட்டார். ஒரே மகன். கேட்டதில் தப்பில்லை. ஆமாம் என்று சொன்னேன். சட்டம் அதுதான். அப்பா விட்டுக்கொடுக்க இருந்ததையும் சொல்லிவிட்டேன். தம்பி, இந்தக் கூட்டத்தில் உங்களிடம் வாக்குறுதி கேட்க மாட்டேன். வெட்கப்பட வேண்டியவன் நான்தான்.

நான் மட்டும்தானா? இங்கே இருக்கிற நாம் அத்தனை பேரும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை எங்கே அனுப்புகிறோம்? காலை ஏழரைக்கு வேனில் ஏற்றிக் கையசைக்கிறோம். பிறகு, பள்ளிக்கூடம் போச்சே என்று இரங்கல் கூட்டத்தில் பேசுகிறோம். ஒரு பிள்ளை படித்தாலும் அந்த நிபந்தனை அமலுக்கு வராது. இது வக்கீலாக நான் சொல்வது. ஒரே ஒரு பிள்ளை போதும்.

என் பேத்தி திரிஷா ஒன்றாம் வகுப்பு. வேனில்தான் போகிறாள். அவளை நம் பள்ளிக்கு மாற்றலாமா என்று நேற்று சாயங்காலம் என் மருமகளிடம் கேட்டேன். அழுதாள், சண்டை போட்டாள், இன்று காலையில் சரி என்று சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பேத்தியைக் கைப்பிடித்து நம் பள்ளியில் சேர்க்கிறேன். சுருளிராஜனுக்கு நான் செய்யும் அஞ்சலி அவ்வளவுதான்.

யாரும் கைதட்ட வேண்டாம். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருப்பாள். ஆறு வயசுப் பிள்ளை, தனியாக இருக்கப் பயப்படுவாள். உங்களில் யாராவது ஒருவர், துணைக்கு ஒரு பிள்ளையை அனுப்புங்கள்.