அலமாரிக்குள்ளே எக்கோ

எடிட்டர்: ...அதனாலதான் மேடம் சொல்றேன், ஆரம்பத்துல வர்ற அந்தச் சிரிப்பை நான் வெட்டிடறேன். கேக்குறவங்க வந்து உக்காருறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சிரிச்சு முடிச்சிடறீங்க. எதுக்குச் சிரிச்சீங்கன்னு அவங்களுக்கு...

அண்ணி: எங்களுக்கே தெரியாதே.

நாத்தனார்: வெட்டுங்க, வெட்டுங்க. கல்யாண வீடியோவுல பொண்ணோட அம்மா அழுறதையே வெட்டுற ஆளு நீங்க.

எடிட்டர்: அழுகையை வெட்ட மாட்டேன் மேடம். அழுகைக்கு எப்பவும் மவுசு. ஏன் இவ்வளவு மெதுவா பேசுறீங்க?

நாத்தனார்: பக்கத்து வீட்ல குழந்தை தூங்குது.

எடிட்டர்: இப்படியே பேசுங்க. கொஞ்ச நாளா அந்தக் குசுகுசு குரல் ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சரி, விஷயத்துக்கு வரேன். அந்த ஆப்காரங்ககிட்டேருந்து பதில் வந்திருக்கு.

அண்ணி: எந்த ஆப்... ஐயையோ, அவங்களா?

எடிட்டர்: அவங்களேதான். நம்ம 'ரெண்டு பக்கமும்' பாட்காஸ்டை அவங்க முதல் பக்கத்துல போடறாங்களாம். ஆப்பைத் திறந்தா நீங்கதான்.

நாத்தனார்: நிஜமாவா? எங்களையா?

எடிட்டர்: அவங்க எழுதினதைப் படிக்கவா? "எவரோ வீட்டுச் சண்டையை எழுதி அனுப்ப, அண்ணி ஒரு பக்கமும் நாத்தனார் மறுபக்கமும் நின்று அடித்துக்கொள்வது அருமை."

அண்ணி: அடிச்சுக்கிறது அருமையாம். என் கல்யாணத்தன்னைக்கு இதைச் சொல்ல ஒருத்தரும் இல்ல.

எடிட்டர்: ஒரு கண்டிஷன் இருக்கு. ஒரு வருஷத்துக்கு வாராவாரம் விடாம வரணும். இதே ரெண்டு குரல். நடுவுல ஒருத்தர் கழண்டுக்கிட்டா அவ்வளவுதான், தூக்கிடுவாங்க. சரியா இல்லையான்னு இன்னைக்கே சொல்லணும்.

அண்ணி: ...

நாத்தனார்: ...

எடிட்டர்: ஹலோ? லைன் கட்டாயிடுச்சா?

அண்ணி: இருக்கேன்.

நாத்தனார்: நானும் இருக்கேன்.

எடிட்டர்: இதுக்குத்தானே இத்தனை நாளா தவம் கிடந்தீங்க? குதிப்பீங்கன்னு பார்த்தேன்.

அண்ணி: அலமாரிக்குள்ள எங்க குதிக்கிறது? தலை இடிக்கும்.

நாத்தனார்: அண்ணியைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் வீடு, பள்ளிக்கூடம், பரீட்சைப் பேப்பர்னு...

அண்ணி: அவளைக் கேளுங்க. அவளுக்குத்தான் லேப்ல ஷிப்ட் மாறிக்கிட்டே இருக்கும். ஒரு வருஷம் முடியுமோ என்னமோ.

நாத்தனார்: நான் முடியாதுன்னு சொன்னேனா?

அண்ணி: நான் சொன்னேனா?

எடிட்டர்: இதை எபிசோடுக்கு வச்சுக்கோங்க மேடம். நல்லா வருது. ஆனா ஒண்ணு, கடைசி மூணு எபிசோடுல ஆளுங்க பாதியிலேயே இறங்கிட்டாங்க. ஏன்னு பார்த்தேன். வக்கீல் சார் கதை இல்ல.

அண்ணி: அவர் கதை இல்லாம போனா என்ன?

எடிட்டர்: அதுக்குத்தான் மேடம் பாதிப் பேர் வர்றாங்க. உங்க வீட்டுக்காரர் குடையைக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் குடையைத் தேடின கதையை எத்தனை பேர் திருப்பித் திருப்பிக் கேட்டிருக்காங்க தெரியுமா? இன்னைக்கு ஒண்ணு எடுத்து விடுங்க. இன்னைக்கு என்ன பண்ணார்?

அண்ணி: இன்னைக்கா... இன்னைக்குக் காலைல... கோர்ட்டுக்குக் கிளம்பும்போது ஒரு சாக்ஸ் காணோம்னு வீட்டையே ரெண்டு பண்ணிட்டார். என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சு, "கடைசியா அதைப் பார்த்தது யாரு, எத்தனை மணிக்கு, ஆதாரம் உண்டா"ன்னு குறுக்கு விசாரணை. நான் குனிஞ்சு பாக்குறேன், ரெண்டையும் ஒரே கால்ல மாட்டியிருக்கார்.

எடிட்டர்: ஆகா! இது போதும் மேடம்.

நாத்தனார்: இன்னைக்குக் கோர்ட்டு லீவாச்சே.

எடிட்டர்: லீவா?

நாத்தனார்: பேப்பர்ல பார்த்தேன்.

அண்ணி: அப்ப நேத்து. நேத்துக் காலைலன்னு வச்சுக்கோ. கதைக்கு நாள் நட்சத்திரமா பாக்குறது?

எடிட்டர்: நாத்தனார் மேடம், நீங்க சிரிக்கலையே. அண்ணனைக் கிண்டல் பண்ணா முதல் ஆளா சிரிப்பீங்க, அப்புறம்தான் அவர் பக்கம் பேசுவீங்க.

நாத்தனார்: சிரிச்சேனே. வெளியில வரல.

எடிட்டர்: சரி, அடுத்தது சவுண்டு. ஆப்காரங்க இதுல ரொம்பக் கறார். எக்கோ இருக்கவே கூடாதுங்கிறாங்க. அண்ணி மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்குன்னு மூணு வாரமா ஆளாளுக்கு எழுதுறாங்க.

அண்ணி: நாற்பது பிள்ளைங்களை அடக்குற குரல். அப்படித்தான் இருக்கும்.

எடிட்டர்: முன்னாடி நல்லா இருந்துச்சே. துணி அலமாரிக்குள்ள ஸ்டூல் போட்டு உக்காந்து பேசுங்க, தொங்குற துணி எக்கோவைக் குடிச்சிடும்னு சொன்னவனே நான்தானே. உங்க அலமாரிக்கு நான் சர்டிபிகேட்டே குடுத்தேன். இப்ப உள்ளதானே இருக்கீங்க?

அண்ணி: உள்ளதான் இருக்கேன், வேர்த்து ஊத்துது.

எடிட்டர்: கதவைச் சாத்திட்டு ஒரு தடவை கை தட்டுங்க.

அண்ணி: இந்த வயசுல... தட்டிட்டேன். கேட்டுச்சா?

எடிட்டர்: அலமாரி காலி மேடம்.

அண்ணி: புடவை இருக்கே!

எடிட்டர்: புடவை வலது பக்கம். இடது பக்கம் காலி. அங்கதானே வக்கீல் சாரோட கருப்புக் கோட்டெல்லாம் வரிசையா தொங்கும்? மைக் மாட்ட வந்தப்ப பார்த்தேன். கல்யாண மண்டபத் திரை மாதிரி கனமா இருந்துச்சு. இந்த எக்கோவைக் குடிச்சதே அந்தக் கோட்டுங்கதான்.

அண்ணி: சலவைக்குப் போயிருக்கு.

எடிட்டர்: மொத்தமுமா? மூணு வாரமா?

அண்ணி: அந்தச் சலவைக்காரன் அப்படி. குடுத்தா குடுத்ததுதான்.

எடிட்டர்: அப்ப சார் கோர்ட்டுக்கு எதைப் போட்டுக்கிட்டு...

நாத்தனார்: நான் தட்டவா? என் அலமாரியில நான் தட்டவா?

எடிட்டர்: தட்டுங்க மேடம்.

நாத்தனார்: தட்டிட்டேன்.

எடிட்டர்: அடேயப்பா! தட்டின சத்தம் தட்டின இடத்துலயே செத்துப் போச்சு. என்ன மேடம் பண்ணீங்க? உங்க ரூம்தான் எனக்குத் தலைவலியே. அலமாரியில நாலு சுடிதாரும் ஒரு பிளாஸ்டிக் பையும்தான் இருந்துச்சு. இப்ப பெரிய ஸ்டூடியோ மாதிரி இருக்கு!

நாத்தனார்: கம்பளி... ரெண்டு மூணு கம்பளி வாங்கி மாட்டினேன்.

எடிட்டர்: இந்த வெயில்லயா?

நாத்தனார்: தள்ளுபடியில போட்டிருந்தான்.

எடிட்டர்: எப்பலேருந்து? இருங்க, நான் பழசைப் போட்டுப் பாக்குறேன்... ஆமா. அண்ணி மேடம் குரல் கெட்டுப் போன அதே எபிசோடுலதான் உங்க குரல் நல்லாயிருக்கு. என்ன ஒரு ராசி பாருங்க. அப்ப ஒண்ணு பண்ணுங்க, அந்தக் கம்பளியை அப்படியே அண்ணி வீட்டுக்கு...

அண்ணி: எனக்கு வேணாம்.

எடிட்டர்: இல்ல மேடம், பாதியாவது...

அண்ணி: பாதியும் வேணாம், முழுசும் வேணாம். அவகிட்டயே இருக்கட்டும்.

நாத்தனார்: அண்ணிதான் வேணாங்கிறாங்களே, விடுங்களேன்.

எடிட்டர்: ஒரு கம்பளிக்கு ரெண்டு பேரும் ஏன் இப்படி... சரி, என் கடைக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. ஆல்பத்துல மாப்பிள்ளை முகத்தை வெளுக்கச் சொல்லி மூணாவது தடவையா வர்றாங்க. போயிட்டு வந்து கேக்குறேன். அதுக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க. ஒரு வருஷம். சரியா இல்லையா?

நாத்தனார்: போயிட்டாரா?

அண்ணி: போயிட்டார். ஸ்கிரீன்ல பேர் மறைஞ்சிடுச்சு.

நாத்தனார்: சலவைக்காரன் நல்லா இருந்துச்சு அண்ணி.

அண்ணி: கம்பளி மட்டும் என்ன மோசமா? தள்ளுபடி வேற.

நாத்தனார்: எவ்வளவு நாள்தான் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறது? அண்ணன் இங்கதான் இருக்கான். வெளியில ஹால்ல உக்காந்து பேப்பர் படிக்கிறான். அவன் கோட்டுக்கு நடுவுலதான் நான் உக்காந்திருக்கேன்.

அண்ணி: ம்.

நாத்தனார்: ம்-னா? உங்களுக்குத் தெரியுமா?

அண்ணி: தெரியும். நீயா சொல்லுவன்னு பார்த்தேன். முதல் வாரம் பார்த்தேன், அடுத்த வாரமும் பார்த்தேன். நீ வாயே திறக்கல. சரி, தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும், நீ அண்ணன் பக்கம் சாஞ்சுட்டன்னு நினைச்சுக்கிட்டேன்.

நாத்தனார்: அவன் கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான் அண்ணி. "நீ வாயைத் திறக்காதே, ரெண்டே நாள்ல அவளே கூப்பிடுவா"ன்னான். இன்னும் போன் அடிச்சா எட்டிப் பாக்குறான். குடிதண்ணிக்காரன் போன் பண்ணாக்கூட.

அண்ணி: வேற என்ன சொன்னார்?

நாத்தனார்: விடுங்க.

அண்ணி: சொல்லுடி.

நாத்தனார்: கோர்ட்ல ஆளுக்காள் சிரிக்கிறாங்களாம். ஜட்ஜே கூப்பிட்டு, "குடை கிடைச்சிடுச்சா வக்கீல் சார்?"னு கேட்டாராம். இனிமே உங்ககூட நான் இதைப் பண்ணக் கூடாதாம். "ஒண்ணு அவ, இல்லைன்னா நான்"னு நிக்கிறான்.

அண்ணி: எனக்கும் அதே வசனம்தான். "ஒண்ணு உன் பாட்காஸ்டு, இல்லைன்னா நான்." ஆளை மட்டும் மாத்திப் போட்டிருக்கார். நீ என்ன சொன்ன?

நாத்தனார்: சரின்னேன்.

அண்ணி: சரின்னியா!

நாத்தனார்: முழுசா கேளுங்க. சரின்னு சொல்லிட்டு அலமாரிக்குள்ள வந்து கதவைச் சாத்திக்கிட்டேன். லேப் மீட்டிங்னு சொல்லியிருக்கேன். அலமாரிக்குள்ளயான்னான். நோயாளிங்க ரிப்போர்ட் ரகசியம், வெளியில கேக்கக் கூடாதுன்னேன். வக்கீல் இல்லையா, ஒத்துக்கிட்டான்.

அண்ணி: அதான் குசுகுசுன்னு...

நாத்தனார்: பின்ன? பக்கத்து வீட்ல ஏது குழந்தை? ரெண்டு ரிடையர்டு ஆளுங்கதான் இருக்காங்க.

அண்ணி: என்னைச் சிரிக்க வைக்காதே. அழுதுடுவேன்.

நாத்தனார்: பயமா இருந்துச்சு அண்ணி. அவன் இங்க இருக்கான்னு நீங்க தெரிஞ்சுக்கிட்டா, என்னையும் அவனோட சேர்த்துத்தானே பார்ப்பீங்க? மைக்கைக் கழட்டி வச்சுடுவீங்க. எனக்கு வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான் அண்ணி. மீதி நேரமெல்லாம் ரத்தம், சிறுநீரு, சளி.

அண்ணி: எனக்கும் அதே பயம்தான். அவர் போனதுக்கு நான் அழலடி. நீ போயிடுவியோன்னுதான் அழுதேன். நெசமாச் சொல்றேன்.

நாத்தனார்: நான் எங்க போவேன்? போனா இந்த அலமாரிக்குள்ளதான்.

அண்ணி: அப்ப ஒரு வருஷம்?

நாத்தனார்: நீங்க சரின்னா சரி.

அண்ணி: சரி.

நாத்தனார்: எடிட்டருக்கு நானே சரின்னு அனுப்பிடட்டுமா? அவர் வந்தா மறுபடி கம்பளியைக் கேப்பாரு.

அண்ணி: அனுப்பு.

நாத்தனார்: அனுப்பிட்டேன். உங்க எக்கோவுக்கு என்ன பண்றது?

அண்ணி: மெத்தையை நிமிர்த்தி அலமாரிக்குள்ள சாய்ச்சுக்கிறேன். அவர் படுக்குற பக்கம் தனி மெத்தைதானே, சும்மாத்தான் கிடக்கு.

நாத்தனார்: அவனைக் கூப்பிடப் போறதில்லையா?

அண்ணி: இத்தனை எபிசோடு போட்டோமே, ஒண்ணாவது அவர் கேட்டிருப்பாரா? ஜட்ஜ் சொல்லித்தான் தன் கதையே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பொண்டாட்டி வாராவாரம் என்ன பேசுறான்னு கேக்கத் தோணல, ஊர் சிரிக்குதுன்னு மட்டும் கோபம் வருது. முதல்ல உக்காந்து ஒண்ணு கேக்கட்டும். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்.

நாத்தனார்: அவன் என்னமோ தானே ரோஷப்பட்டுக் கிளம்பி வந்ததா சொல்றான். எனக்கு அன்னைக்கே ஒரு மாதிரி இருந்துச்சு அண்ணி. கோபத்துல கிளம்புறவன் ரெண்டு சட்டையை அள்ளிப் போட்டுக்கிட்டு வருவான். இவன் அத்தனை கோட்டையும் இஸ்திரி கலையாம, உறை மாட்டி, ஹேங்கரோட கொண்டு வந்து இறக்குறான். ஒரு கைக்குட்டை மடிக்கத் தெரியாது அவனுக்கு.

அண்ணி: அவருக்கு எங்க தெரியும்? பதினெட்டு வருஷமா சண்டைன்னா "நான் போறேன்"னு பெட்டியைத் தூக்குவார், நான் வாசலை மறிப்பேன். இந்தத் தடவை மறிக்கல. ரெண்டு சட்டையோட லாட்ஜுக்குத்தான் கிளம்பினார். தங்கச்சி வீட்டுக்குப் போங்க, நேரத்துக்குச் சாப்பாடாவது கிடைக்கும்னு அனுப்பினதே நான்தான். கோட்டு அத்தனையையும் கார்ல ஏத்தினதும் நான்தான்... உன் ரூம்ல ரொம்ப நாளா எக்கோ அடிச்சுக்கிட்டு இருந்துச்சேடி.