ரெண்டு சம்பந்தி, ஒரு டீசல் எஞ்சின்

பெண்ணின் அப்பா: என்ன சம்பந்தியம்மா இது... ஆடவே மாட்டேங்குது?

பையனின் அம்மா: அதைத்தான் சம்பந்தி நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எஞ்சின் ஓடுதா, நின்னுபோச்சான்னே சந்தேகமா இருக்கு.

பெண்ணின் அப்பா: ஓடுது, ஓடுது. நல்லா சாப்பிட்டுத் தூங்கற ஆளோட குறட்டை மாதிரி, சீரா ஓடுது.

பையனின் அம்மா: நேத்து என்ன குதி குதிச்சுது!

பெண்ணின் அப்பா: குதியா? மேஜை மேல இருந்த டீ கப்பு தானா நடந்துபோய்க் கீழ விழுந்துச்சே.

பையனின் அம்மா: அது என் கப்பு.

பெண்ணின் அப்பா: தெரியும். அதான் நல்லா ஞாபகம் இருக்கு.

பையனின் அம்மா: இன்னிக்கு ஒழுங்கா ஓடுதுன்னா சந்தோஷம்தானே படணும்? உங்க மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?

பெண்ணின் அப்பா: என் மூஞ்சியே அப்படித்தான். உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? ஏசி ஓடுதே.

பையனின் அம்மா: உள்ள இருக்கற சந்தோஷம்தான் வேர்வையா வருது.

பெண்ணின் அப்பா: முன்னல்லாம் இப்படிக் கேட்டா, "போய்யா, உன் வேலையைப் பாரு"ன்னு சொல்வீங்க.

பையனின் அம்மா: அப்ப நீங்க வெறும் வால்வுக்காரர். இப்ப என் மருமகளைப் பெத்தவர். ஒரு மரியாதை வேணாமா?

பெண்ணின் அப்பா: மரியாதை வந்ததுக்கு அப்புறம்தான் சம்பந்தியம்மா எனக்கு பயமாவே இருக்கு.

மேடம்: ஹலோ... ஹலோ... கன்ட்ரோல் ரூம்! கேக்குதா?

பையனின் அம்மா: கேக்குது மேடம். சுவத்துல இருக்கற ஸ்பீக்கர் கிழியற அளவுக்குக் கேக்குது.

மேடம்: நான் மாடியில படகுக் கம்பெனிக்காரங்களோட இருக்கேன். டீ குடிச்சு முடிச்சதும் கீழ கூட்டிட்டு வரேன். எஞ்சின் எப்படி இருக்கு?

பெண்ணின் அப்பா: ஜம்முனு ஓடுது மேடம்...

மேடம்: அதை ஏன் அழுதுக்கிட்டே சொல்றீங்க?

பெண்ணின் அப்பா: தொண்டை கட்டியிருக்கு மேடம்.

மேடம்: வெந்நீர் குடிங்க. வர்றவங்க படகு ஓட்டறவங்க, படிச்சு வந்த பாடமெல்லாம் அவங்ககிட்ட ஒப்பிக்காதீங்க. புரியற மாதிரி சொல்லணும். எங்க, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.

பையனின் அம்மா: டீசல் எஞ்சின்ல தீப்பொறி வெக்கறதுக்குன்னு எதுவும் கிடையாது. காத்தை இறுக்கி அமுக்கினா அது கொதிச்சுப்போய் இருக்கும். அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சினா தானா பத்திக்கும். எப்ப பீச்சறோம்கறதுதான் விஷயம். கொஞ்சம் முந்தினா ஒரு மாதிரி எரியும், பிந்தினா வேற மாதிரி எரியும். ஒவ்வொரு தடவை எரியும்போதும் உள்ள என்ன அழுத்தம்னு பாத்து, அடுத்த தடவை எப்ப பீச்சணும்னு சொல்றது என் புரோகிராம். அது இல்லேன்னா எஞ்சின் பழைய கணக்குலயே ஓடும்.

மேடம்: அருமை. அடுத்தது?

பெண்ணின் அப்பா: ரொம்ப சூடா எரிஞ்சா, கண்ணுக்கே தெரியாத விஷவாயு ஒண்ணு வெளிய வரும் மேடம். அதைக் குறைக்கத்தான், வெளிய போற புகையில கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளயே விடறோம். சூடு அடங்கும். எவ்வளவு விடணும்னு பாத்து வால்வைத் திறந்து மூடறது என் புரோகிராம்.

பையனின் அம்மா: அளவு மீறி விட்டா எஞ்சினுக்கு மூச்சு முட்டி கரும்புகை கக்கும். அதையும் சொல்லுங்க சம்பந்தி.

பெண்ணின் அப்பா: அந்தக் கரும்புகையைக் குறைக்கறேன்னு இவங்க முந்திப் பீச்சினா, மறுபடி சூடேறி விஷவாயு வரும். அதை நீங்களே சொல்லிடுங்க சம்பந்தியம்மா.

மேடம்: ரெண்டு பேரும் சொல்லவே வேணாம். எனக்கு வீட்டு ஞாபகம் வருது. மாமியாரைச் சமாதானப்படுத்தினா வீட்டுக்காரர் முறைச்சுப்பார், அவரைச் சமாதானப்படுத்தினா... சரி விடுங்க. நான் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? கடலோரக் கிளைக்கு ஒருத்தர் போயே ஆகணும். இன்னிக்கு யாரோட புரோகிராம் எஞ்சினை ஒழுங்கா வெச்சிருக்கோ அவங்க இங்க. யாரோடது ஆட்டி வெக்குதோ அவங்க பெட்டியைக் கட்டிக்கலாம்.

பையனின் அம்மா: மறக்குமா மேடம்? அடுத்த மாசம் எனக்குப் பேரக்குழந்தை பொறக்கப் போகுது.

பெண்ணின் அப்பா: எனக்கும் அதே பேரக்குழந்தைதான் மேடம் பொறக்கப் போகுது.

மேடம்: அதையெல்லாம் எஞ்சின்கிட்ட சொல்லுங்க. இருங்க, இங்க பிஸ்கட் தீந்துபோச்சு. அப்புறம் பேசறேன்.

பெண்ணின் அப்பா: தொட்டில் வாங்கிட்டீங்களாமே?

பையனின் அம்மா: மரத்தொட்டில். நீங்களும் வாங்கியிருக்கீங்களாமே?

பெண்ணின் அப்பா: கம்பித்தொட்டில். சக்கரம் வெச்சது.

பையனின் அம்மா: குழந்தைக்குச் சக்கரம் எதுக்கு சம்பந்தி? அது என்ன டெலிவரி வண்டியா?

பெண்ணின் அப்பா: உங்க வீட்டுல இருந்து எங்க வீட்டுக்குத் தள்ளிக்கிட்டு வரத்தான்.

பையனின் அம்மா: கடலோரத்துல இருந்து தள்ளிக்கிட்டு வரணும்னா தேஞ்சு போயிடுமே.

பெண்ணின் அப்பா: நான் ஏன் கடலோரம் போறேன்?

பையனின் அம்மா: அதானே. நீங்க ஏன் போறீங்க... இவ்வளவு பிரமாதமா ஓடும்போது...

பெண்ணின் அப்பா: ஆமா, உங்க புரோகிராம் அப்படி ஓட்டுதே...

பையனின் அம்மா: ஐயோ, உங்க வால்வு என்ன அழகா வேலை செய்யுது சம்பந்தி! வயிறு எரியுது... அதாவது, வயிறு நிறையுது.

பெண்ணின் அப்பா: எஞ்சினுக்கு லோடு ஏத்தறாங்க! பாருங்க, மீட்டர் முள்ளு ஏறுது! இப்ப பாருங்க, இப்ப ஆடும்!

பையனின் அம்மா: ஆடும் ஆடும்! புகை! புகை வந்துச்சு!

பெண்ணின் அப்பா: எங்க? எங்க?

பையனின் அம்மா: குழாய் முனையில! கறுப்பா! கொஞ்சமா!

பெண்ணின் அப்பா: வந்துச்சா? நல்லாப் பாத்தீங்களா?

பையனின் அம்மா: வந்துச்சு... போயிடுச்சு.

பெண்ணின் அப்பா: அதுக்குள்ளயா?

பையனின் அம்மா: மறுபடியும் குறட்டைதான்.

பெண்ணின் அப்பா: சே!

பையனின் அம்மா: சே!

பெண்ணின் அப்பா: நீங்க ஏன் "சே"ன்னீங்க?

பையனின் அம்மா: நீங்க சொன்னீங்களேன்னு ஒரு மரியாதைக்குச் சொன்னேன். சம்பந்தி, என் பேனா அந்த மேஜைக்கு அடியில உருண்டுபோச்சு. கொஞ்சம் எடுத்துத் தரீங்களா? என்னால குனிய முடியாது, முட்டி வலி.

பெண்ணின் அப்பா: இதோ... எங்க இருக்கு? ஒண்ணும் காணோமே. ஏதோ டிக்குன்னு சத்தம் கேட்டுச்சு?

பையனின் அம்மா: என் முட்டி.

பெண்ணின் அப்பா: பேனா உங்க காதுல இருக்கு சம்பந்தியம்மா.

பையனின் அம்மா: அட, ஆமா! வயசாகுதில்ல?

பெண்ணின் அப்பா: சரி, நீங்க அந்த ஜன்னல்கிட்ட போய்ப் பாருங்களேன். மேடம் மாடிப்படி இறங்கற மாதிரி தெரியுது.

பையனின் அம்மா: யாரையும் காணோமே. உங்க பக்கமும் டிக்குன்னுச்சே?

பெண்ணின் அப்பா: என் தாடை. வெந்நீர் குடிக்கணும்.

பையனின் அம்மா: சம்பந்தி...

பெண்ணின் அப்பா: என்ன?

பையனின் அம்மா: தரை நடுங்குது.

பெண்ணின் அப்பா: ஐயையோ! ஸ்கிரீன்ல கோடு மேல போகுது, கீழ போகுது, பேய் புடிச்ச மாதிரி ஆடுது!

பையனின் அம்மா: புகை! இது நெஜமான புகை! யோவ், என்னய்யா பண்ணித் தொலைச்ச?

பெண்ணின் அப்பா: நான் என்னம்மா பண்ணினேன்? நீ என்ன பண்ணினே?

பையனின் அம்மா: வாயைப் பாரு! சம்பந்தின்னு கூட பாக்காம நீன்னு பேசறார்!

பெண்ணின் அப்பா: நீதானே முதல்ல... நீங்கதானே முதல்ல "யோவ்"னீங்க!

பையனின் அம்மா: கப்பைப் புடி! கப்பைப் புடிங்க! நேத்துதான் புதுசு வாங்கினேன்!

பெண்ணின் அப்பா: புடிச்சிட்டேன்! நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க!

பையனின் அம்மா: எதுக்கு? நீங்க இந்தப் பக்கம் திரும்புங்க!

பெண்ணின் அப்பா: சரி, ரெண்டு பேரும் திரும்பிக்கலாம்! கண்ணை மூடிக்கலாம்! சாமி கும்பிடற மாதிரி!

பையனின் அம்மா: மூடிட்டேன்!

பெண்ணின் அப்பா: நானும் மூடிட்டேன்!

பையனின் அம்மா: மறுபடி டிக்குன்னுச்சே?

பெண்ணின் அப்பா: என் தாடை. உங்க பக்கமும் டிக்குன்னுச்சே?

பையனின் அம்மா: என் முட்டி. அடங்கிடுச்சு.

பெண்ணின் அப்பா: குறட்டை வந்துடுச்சு.

பையனின் அம்மா: அப்ப... அதுதான் காரணம்.

பெண்ணின் அப்பா: எது?

பையனின் அம்மா: ஒண்ணுமில்ல. கடலோரத்துல இந்த மாசம் ரொம்ப வெயிலா இருக்குமா சம்பந்தி?

பெண்ணின் அப்பா: நானும் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். குடை இருக்கு என்கிட்ட.

பையனின் அம்மா: குழந்தை பொறந்ததும் போட்டோ அனுப்புவீங்கல்ல?

பெண்ணின் அப்பா: நீங்க ஏன் என்னைக் கேக்கறீங்க? நான்தான் உங்களைக் கேக்கணும்...

மேடம்: ஹலோ! என்ன அது, இங்க ஜன்னலெல்லாம் ஒரு நிமிஷம் கடகடன்னுச்சே?

பெண்ணின் அப்பா: லாரி போச்சு மேடம்.

மேடம்: ஃபேக்டரிக்குள்ளயா? சரி, போகட்டும். இங்க ஸ்கிரீன்ல காலைல இருந்து எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க. கரும்புகை கம்மி, விஷவாயு கம்மி, ஆட்டம்னு பாத்தா அந்த ஒரே ஒரு லாரிதான். அசந்துபோயிட்டாங்க. இப்ப உண்மையைச் சொல்லுங்க. எஞ்சினை இவ்வளவு நேரம் இழுத்துப் புடிச்சு ஓட்டினது யாரோட புரோகிராம்? ரெக்கார்டை எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும், ஆனா உங்க வாயால கேக்கணும்.

பெண்ணின் அப்பா: ரெக்கார்டா...

பையனின் அம்மா: ரெக்கார்டா...

மேடம்: சீக்கிரம்! படியில நின்னுக்கிட்டு இருக்கேன்.

பெண்ணின் அப்பா: சம்பந்தியம்மாவோடது மேடம்!

பையனின் அம்மா: சம்பந்தியோடது மேடம்!

மேடம்: என்னது?

பெண்ணின் அப்பா: என்னோடது எதுவுமே பண்ணல மேடம். சத்தியமா சொல்றேன்.

பையனின் அம்மா: இல்ல மேடம், என்னோடதுதான் எதுவுமே பண்ணல. வேணும்னா என் பையன் மேல சத்தியம் பண்றேன்.

பெண்ணின் அப்பா: என் மாப்பிள்ளை மேல ஏங்க சத்தியம் பண்றீங்க!

மேடம்: ஐயோ... இருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வருது. நேத்து வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறிக்கிட்டு இருந்தீங்க. இன்னிக்கு ஒருத்தருக்காக ஒருத்தர் ஊரையே விட்டுப் போறேங்கறீங்க. எல்லாம் அந்தக் குழந்தை வர்ற நேரம்!

பையனின் அம்மா: மேடம், அது வந்து...

மேடம்: பேசாதீங்க. யாரும் எங்கயும் போகவேணாம். கடலோரத்துக்கு என் வீட்டுக்காரரை அனுப்பறேன். பெயின்ட் பிரிவுல சும்மாதானே உக்காந்திருக்கார்? எனக்கும் நிம்மதி, என் மாமியாருக்கும் ஒரு மாறுதல்.

பெண்ணின் அப்பா: மேடம், நெஜமாவா?

மேடம்: நெஜமாதான். ரெண்டு புரோகிராமும் சேந்துதான் இந்த எஞ்சினைப் பொன்னு மாதிரி வெச்சிருக்கு, எனக்குப் புரியுது. படகுக்காரங்க அவங்க படகு எல்லாத்துக்கும் ரெண்டையும் சேத்தே கேக்கறாங்க. யாரும் தெரியாம கையை வெச்சுடக் கூடாதுன்னு, ரெண்டையும் ஆன்லயே வெச்சுப் பூட்டச் சொல்லிட்டேன். சாவி என்கிட்ட. இப்ப அவங்களைக் கூட்டிக்கிட்டு இறங்கறேன், எஞ்சின் பக்கத்துல நின்னு பாக்கணுமாம். வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்காங்க, பாவம்.

பையனின் அம்மா: சம்பந்தி...

பெண்ணின் அப்பா: சம்பந்தியம்மா...

பையனின் அம்மா: எனக்காகவா அப்படிச் சொன்னீங்க? உங்களைப் போய் என்னென்ன நெனச்சேன்! குழந்தை பொறந்தா நீங்களே முதல்ல தூக்குங்க. என் மரத்தொட்டிலுக்கும் வேணும்னா சக்கரம் போட்டுக்கலாம்.

பெண்ணின் அப்பா: வேணாம், வேணாம்... இப்படியெல்லாம் பேசாதீங்க, எனக்குத் தாங்காது. நான் ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

பையனின் அம்மா: என் சம்பந்தியை நான் ஏன் திட்டப் போறேன்?

பெண்ணின் அப்பா: நான் காலைலயே என் புரோகிராமை ஆஃப் பண்ணிட்டேன்.

பையனின் அம்மா: என்னது?

பெண்ணின் அப்பா: எஞ்சின் ஆடினா, "என்னோடது ஓடவே இல்ல மேடம், பாருங்க, எல்லாம் அவங்க வேலை"ன்னு காட்டலாம்னு... மன்னிச்சுடுங்க. நல்லா ஓடற பேரு எனக்கும் வரட்டும்னு நடுவுல ஒரு நிமிஷம் ஆன் பண்ணினேன், உடனே ஆட ஆரம்பிச்சிடுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, கெடுக்கறது என்னோடதுன்னு. இவ்வளவு நேரம் ஓட்டினது உங்களோடதுதான். உங்க ஒரு புரோகிராமே போதும் சம்பந்தியம்மா, தங்கம்!

பையனின் அம்மா: என் கப்பு எங்க சம்பந்தி?

பெண்ணின் அப்பா: கப்பை விடுங்க. திட்டணும்னா திட்டிடுங்க. ஐயோ, தரை நடுங்குது... பூட்டிட்டாங்க போல, ரெண்டும் ஆன்ல இருக்கு. பரவால்ல, பரவால்ல, உங்களோடது இழுத்துப் புடிச்சுக்கும். காலைல இருந்து அது ஒண்ணுதானே தனியா ஓட்டுச்சு? சொல்லுங்க, புடிச்சுக்கும்ல?

பையனின் அம்மா: கப்பை எடுத்துக்கிட்டுப் பின்வாசல் வழியா வாங்க சம்பந்தி... நானும் காலைலயே ஆஃப் பண்ணிட்டேன்.