நீல அட்டை

குளிர்ந்த துண்டைச் சுருட்டுவதற்கு ஒரு பக்குவம் இருக்கிறது, ஐயா. ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, நீளவாக்கில் மூன்றாக மடித்து, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்ட வேண்டும். சுருட்டியதை மேசைமேல் நிறுத்தினால் அது சாயாமல் நிற்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் தளரத்தான் சுருட்டுவார்கள். நான் சுருட்டியது நிற்கும். பதினோரு வருடப் பழக்கம்.

நீங்கள் எடுத்த எடுப்பில் துண்டைப் பற்றிக் கேட்டதால் இதைச் சொல்கிறேன். மற்றதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் வேலை இருக்கும்.

என் பெயர் டெல்ஃபின் அகுஸ்டின். சொந்த ஊர் பிலிப்பைன்ஸில் இலோய்லோ. கப்பலின் பதினைந்தாம் மாடியில், முன்பக்கம், அமைதித்தளம் என்று ஓர் இடம் இருக்கிறது. அதற்குப் பொறுப்பாளர் நான். கப்பலில் வருகிற எல்லோரும் அங்கே நுழைய முடியாது. தனியாகக் கட்டணம் கட்டியவர்களுக்குத்தான் கண்ணாடிக் கதவு திறக்கும். நாற்பது சாய்படுக்கைகள். பாட்டு கிடையாது, குழந்தைகள் கிடையாது, ஓட்டம் கிடையாது. கீழே நீச்சல் குளத்தைச் சுற்றி ஆயிரம் பேர் துண்டு போட்டு இடம் பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், ஒலிபெருக்கியில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பான். மேலே என் தளத்தில் எலுமிச்சைத் துண்டு கண்ணாடிக் கோப்பையில் விழுகிற சத்தம் கேட்கும்.

எங்கள் மேலாளர் அடிக்கடி ஒன்று சொல்வார். "டெல்ஃபின், வெயிலுக்கா இவங்க காசு குடுக்கறாங்க? வெயில் கீழயும்தான் அடிக்குது. இங்க ஒண்ணும் நடக்கக் கூடாது. அதுக்குத்தான் குடுக்கறாங்க." அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது ஒன்றுதான். மற்றபடி அவர் ஒரு முசுடு.

ஒவ்வொரு படுக்கையின் ஓரத்திலும் ஓர் அட்டை இருக்கும். வெள்ளைப் பக்கம் தெரிந்தால், ஏதோ வேண்டும், வாருங்கள் என்று பொருள். நீலப் பக்கம் தெரிந்தால், தூங்குகிறேன், கிட்டே வராதீர்கள் என்று பொருள். நீலம் தெரிகிற படுக்கைப் பக்கம் எங்கள் ஆட்கள் பூனை நடைதான் நடப்பார்கள். இந்த ஏற்பாடு என்னுடைய யோசனை. மற்ற கப்பல்களிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம் வெளியே போகும்போது விருந்தினர்கள் ஒரு சீட்டில் பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். நீல அட்டை அதிகமாகத் தெரிந்த நாட்களில் மதிப்பெண்ணும் அதிகமாக வரும்.

போன பயணத்தில் ஓர் அம்மாள் வெயிலில் மயங்கி விழுந்தார். நான் விதிப்படி டாக்டருக்குப் போன் செய்தேன். உடனே கப்பல் முழுக்க ஒலிபெருக்கியில் அவசர அறிவிப்பு, பூட்ஸ் காலோடு ஆறு பேர் ஓட்டம், தூக்குப்படுக்கை, ஆக்சிஜன் உருளை. அந்த அம்மாள் பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்டார். மற்ற எல்லோருக்கும் அன்றைய பொழுது பாழ். சீட்டுகளில் ஐந்தும் ஆறுமாக வந்தது. ஒருவர், 'ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்திருந்தது போல் இருந்தது' என்று எழுதியிருந்தார். அந்தச் சீட்டை நான் இன்னும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். மனது அவ்வளவு வலித்தது.

இப்போது வெண்டல் கிராஃப்ட். காலை ஒன்பது மணிக்கு மனைவி லோர்னாவோடு கண்ணாடிக் கதவருகே வந்து நின்றார். எழுபது வயதிருக்கும். பெரிய உடம்பு, கிளி போட்ட சட்டை.

"இவருக்கு மட்டும்தான் டிக்கெட்டு," என்றார் லோர்னா. "எங்க பொண்ணு வாங்கிக் குடுத்தா, இன்னிக்கி ஒரு நாளைக்கி. முப்பத்தோரு வருஷம் டொலீடோவுல டவுன் பஸ் ஓட்டுனவரு. எங்க ரூமு டிஸ்கோவுக்கு நேர் கீழ. நாலு நாளா மனுஷன் பொட்டுத் தூக்கம் தூங்கல."

"நீயும் வந்தா என்னவாம்," என்றார் அவர்.

"எதுக்கு? ஒன் கொறட்டைய நாப்பது வருஷமாக் கேட்டாச்சு, கடலுக்கு வந்தும் கேக்கணுமா? போ, போய்ப் படு."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். லோர்னா என் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தார். "தம்பி, இவருக்குச் சர்க்கரை வியாதி. காலைல இன்சுலின் ஊசி போட்டாச்சு. சாப்பாட்டு வரிசை நகரவே இல்ல, அரைகுறையா ரெண்டு வாய் தின்னுட்டு வந்துட்டாரு. பதினோரு மணிக்குள்ள கொஞ்சம் ஜூஸாவது குடுத்துருங்க. மறந்துறாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொன்னது உண்மை. எனக்கு மறக்கவும் இல்லை.

வெண்டலை எனக்குப் பிடித்திருந்தது. நெற்றியில் குளிர்ந்த துண்டை வைத்தபோது, "அடேயப்பா, என்னை என்னய்யா ராஜாவாக்கிட்ட," என்றார். பிறகு, "நீ என்ன பண்ணாலும் எனக்குத் தூக்கம் வராது பாரு. கண்ண மூடுனா ஸ்டாப்பிங் வந்துரும்," என்றார். அவருடைய அட்டையை நான்தான் நீலமாகத் திருப்பி வைத்தேன். கால் மணி நேரத்தில் தூங்கிவிட்டார். நாலு நாள் தூங்காத மனிதரை என் தளம் தூங்க வைத்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினோரு மணிக்குக் கடெக் வந்தாள். பாலித் தீவுப் பெண், என்னிடம் பரிமாறுகிற வேலை பார்க்கிறாள். கையில் ஆரஞ்சு ஜூஸ்.

"அண்ணே, அந்தம்மா சொன்னாங்கல்ல. குடுத்துறவா?"

"அட்டை என்ன நிறம்?"

"நீலம்தாண்ணே. ஆனா அவருக்கு வேர்க்குது. நெத்தியெல்லாம் பொடிப்பொடியா..."

"வெயில்ல வேர்க்காம பனியா கொட்டும்? எடுத்துட்டுப் போ."

அவள் எடுத்துக்கொண்டு போனாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று ஆகிவிடக் கூடாது. அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளை எதிர்த்துப் பேசாதே என்று பழக்கியதும் நான்தான்.

பதினொன்றே முக்காலுக்கு லோர்னா வந்தார். காகிதத் தட்டில் இரண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம். கீழே வரிசையில் நின்று வாங்கி, பதினைந்தாம் மாடிக்குத் தூக்கி வந்திருந்தார்.

"ஏதாவது சாப்ட்டாரா?"

"நல்லாத் தூங்கறாரும்மா."

"நெசமாவா? தூங்கறாரா?" கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் பாதங்கள் மட்டும்தான் தெரியும். லோர்னாவின் கண்கள் நிறைந்துவிட்டன. "ஐயோ, எழுப்பவும் மனசு வரல. ஆனா வயித்துல ஒண்ணுமில்லயே தம்பி. நான் ஒரு நிமிஷம் உள்ள வந்து..."

"டிக்கெட்டு இல்லாம விட முடியாதும்மா. குடுங்க, நான் குடுத்துக்கறேன்."

தட்டை வாங்கிக்கொண்டேன். கீழிருந்து வருகிற உணவுக்கு எங்கள் தளத்தில் அனுமதி இல்லை. பார்க்க நன்றாக இருக்காது. ரொட்டியைக் குப்பையில் போட்டேன். வாழைப்பழத்தை வீணாக்குவானேன் என்று நான் சாப்பிட்டேன்.

பன்னிரண்டு அடித்ததும் வெண்டல் விழித்துக்கொண்டார். விழிப்பு என்று சொல்ல முடியாது. கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. கை அப்படி நடுங்கியது. அந்த நடுங்குகிற கையாலேயே அட்டையைத் தடவிப் பிடித்து வெள்ளையாகத் திருப்பினார். சட்டைக் கிளியெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. திடீரென்று உரத்த குரலில், "செர்ரி தெரு, செர்ரி தெரு! எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க," என்றார்.

நாற்பது படுக்கைகளில் பாதிக்கு மேல் தலைகள் நிமிர்ந்தன. பக்கத்துப் படுக்கை திருமதி விட்காமுடையது. பத்தொன்பது பயணம் எங்களோடு வந்தவர், ஒவ்வொரு பயணத்திலும் அதே படுக்கை. கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "என்ன டெல்ஃபின், பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டாச்சா? கீழ இருக்கறதெல்லாம் மேல வந்தா இப்பிடித்தான்," என்றார்.

நான் புன்னகை செய்தேன். வெண்டல் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது என்ன என்றும் தெரியும். என் அண்ணிக்கும் இதே வியாதிதான். ஊசி போட்டுச் சாப்பிடாமல் விட்டால் இதே வியர்வை, இதே நடுக்கம், இதே உளறல். எங்கள் வீட்டில் எல்லா அறையிலும் மிட்டாய் டப்பா இருக்கும். ஒரு ஸ்பூன் சர்க்கரை போதும், கொஞ்ச நேரத்தில் மனுஷி தெளிந்துவிடுவாள். என் தேநீர் வண்டியில் சர்க்கரைக் கட்டிகள் இருந்தன, நாலடி தூரத்தில்.

நீங்கள் என் இடத்தில் இருந்து யோசிக்க வேண்டும். அவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அவர் கத்துவார். ஒருவேளை வாந்தி எடுப்பார். பிறகு டாக்டர், டாக்டருக்குப் போன் செய்தால் ஒலிபெருக்கி, ஒலிபெருக்கி என்றால் பூட்ஸ். முப்பத்தொன்பது பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். நான் அவர் கையைப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தேன். "இன்னும் ஸ்டாப்பிங் வரல சார். வந்தா நான் சொல்றேன்," என்றேன். குழந்தை மாதிரித் தலையாட்டினார். அட்டையை நீலமாகத் திருப்பினேன்.

பன்னிரண்டரைக்குக் குறட்டை தொடங்கியது. லோர்னா கிண்டல் செய்த குறட்டை அது இல்லை என்று நினைக்கிறேன். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு இழுக்கிற சத்தம். திருமதி விட்காம் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நீங்கள் பார்த்ததில்லை, ஐயா. பதினோரு வருட உழைப்பு அந்த ஒரு பார்வையில் ஆடிப்போகும்.

அப்போதுதான் துண்டு. ஒன்றை இறுக்கமாகச் சுருட்டினேன். தலைக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்து முகத்தை நெஞ்சோடு குனிய வைத்தேன். துண்டை மோவாய்க்கு அடியில் கொடுத்து வாயை மூடினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. கையால் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன், பார்க்கிறவர்களுக்கு அவர் கழுத்தைத் துடைத்துவிடுகிற மாதிரித்தான் இருந்திருக்கும். அவர் விரல்கள் என் மணிக்கட்டைத் தொட்டன. பிடிக்கவில்லை, தொட்டன. பிறகு சத்தம் நின்றது. கையை எடுத்தேன். துண்டு நான் சுருட்டியது, அதனால் விலகவில்லை.

திருமதி விட்காம் புத்தகத்தைத் திறந்து, "நன்றிப்பா," என்றார்.

கால்வரை போர்வை போர்த்திவிட்டேன். கறுப்புக் கண்ணாடி ஒன்று மாட்டினேன். வெயில் நகர நகர, நிழற்குடையையும் நகர்த்தி வைத்தேன். அன்றைக்கு அவரை நான் கவனித்த அளவு வேறு யாரையும் கவனிக்கவில்லை.

இரண்டு மணிக்கு லோர்னா திரும்ப வந்தார்.

"இன்னுமா தூங்கறாரு?"

"ஆமாம்மா."

"சாப்ட்டாரா?"

"வாழைப்பழம் ஆயிருச்சும்மா."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நல்லவேளை. காலையிலேர்ந்து வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். பாழாப்போன கெழவன், என்னமாத் தூங்கறான் பாரு." போகத் திரும்பியவர் நின்றார். "மார்க்கு போடற சீட்டு ஏதோ குடுப்பீங்களாமே, அதக் குடுங்க. அவரு சோம்பேறி, எழுத மாட்டாரு. நானே போட்டுர்றேன்." சுவரில் வைத்து எழுதி, மடித்துக் கொடுத்தார். மற்றவர்கள் தூக்கம் கலையக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு நடந்து போனார்.

ஐந்தரைக்குத் தளம் மூடினோம். கடைசி விருந்தினர் போனபிறகு டாக்டருக்குப் போன் செய்தேன். அவசரமில்லை, ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன். கடெக் அவர் காலடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளை உள்ளே அனுப்பினேன். லோர்னாவுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அது என் வேலை இல்லை.

நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவருக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். சர்க்கரை எங்கே இருந்தது என்றும் தெரியும். அவர் கேட்டார், அட்டையை வெள்ளையாகத் திருப்பித்தான் கேட்டார். அதை நான் மாற்றினேன். துண்டை வைத்தவன் நான், அழுத்தியவன் நான், மூச்சு நிற்கும் வரை அழுத்தினேன். இதற்குக் கையெழுத்துப் போடத் தயார்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அன்றைக்கு நாற்பது சீட்டு வந்தது. நாற்பதும் பத்துக்குப் பத்து. என் வாழ்நாளில் அப்படி வந்ததில்லை. அவருடைய சீட்டும் அதில் இருக்கிறது, உங்கள் மேசைமேல் அந்த உறையில் பாருங்கள், அவர் மனைவி கையெழுத்து. 'என் வெண்டலை இவ்வளவு நன்றாகத் தூங்க வைத்தவருக்கு' என்று எழுதியிருக்கிறார். பாதிக்கப்பட்டவர்களே குறை சொல்லவில்லை, ஐயா. பிறகு புகார் கொடுத்தது யார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.