அவர் கேட்காமல் விட்ட கேள்வி

காலை 7.42. பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறிய இரண்டு தமிழ்ப் பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவளின் ஃபோனில் ஒரு கிழவரின் படம்.

“பக்கத்து வீட்டுத் தாத்தா, ஆன்ட்டி. போன வாரம் போய்ட்டார். ஹிட்லர் யூதர்களை அடைச்சுக் கொன்ன கேம்ப்ல காவலுக்கு இருந்தாராம். கேஸ் போடறதுக்குள்ள செத்துட்டார்னு நியூஸ்ல வந்திருக்கு.”

“உன் வீட்டுக் கொலுவுல சுண்டல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரா?”

“அவரேதான். என் சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்குப் ப்ராக்டிஸ் குடுத்ததும் அவர்தான். ஃபார்மைப் பாத்து ஒவ்வொரு கேள்வியா கேப்பார். நாஜி அரசாங்கத்துல வேலை பாத்தியான்னு ஒண்ணு வரும்ல?”

“நாங்கள்லாம் சிரிச்சுக்கிட்டே நோ போட்டோம்.”

“அதை மட்டும் கேக்கல ஆன்ட்டி. பக்கத்தைத் திருப்பிட்டார். வயசாச்சு, விட்டுட்டார்னு நெனச்சேன்.”

மூத்தவள் ஃபோனை வாங்கி அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு இளையவளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“சனிக்கிழமை சர்ச்சுல அவருக்கு இறுதிப் பிரார்த்தனை, ஆன்ட்டி. அவரைப் பத்தி என்னைப் பேசச் சொல்லி அவர் பொண்ணு கேக்கறாங்க. இந்த நியூஸ் வந்ததும் வேற யாருமே வரமாட்டேன்னுட்டாங்களாம்.”

“அந்தக் கேம்ப்ல செத்தவங்களுக்கும் பொண்ணுங்க இருந்திருப்பாங்கடி.”

“தெரியும் ஆன்ட்டி. ஆனா இவரோட பொண்ணு என்ன தப்பு பண்ணாங்க?”

மெட்ரோபார்க் ஸ்டேஷன் வருவதற்குள் இளையவள் அந்த மகளுக்குச் செய்தி அனுப்பி, அதை மூத்தவளுக்கு வாசித்துக் காட்டினாள். சனிக்கிழமை வருவதாகவும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவும், ஆனால் பேசப்போவதில்லை என்றும் எழுதியிருந்தாள்.