ரெனால்டின் இடது கால்

கத்தரிக்காய்த் தொக்கு இல்லாமல் பிரியாணி சாப்பிட்டால் எனக்கு இறங்காது. ஃபைனலில் நடந்ததற்கு அதுதான் காரணம் என்றால் விசாரணைக் கமிட்டியில் சிரிப்பீர்கள். கேட்டதால் சொல்கிறேன்.

நம் ஆம்பூர் ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் அதைவிடப் பழைய ஃபுட்பால் கேம் ஒன்று. அதிலிருந்த வெளிநாட்டு வீரர்களைத் தூக்கிவிட்டு நம் கம்பெனி டீமை ஏற்றியவன் நான்தான். வேகம், உதை, மூச்சு என்று ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு இத்தனை என மார்க் போட்டேன். மைதானத்தில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் போட்டது. கோச் நிசார் பாய்க்கு அது பிடித்துப்போய், அதை வைத்தே டீம் எடுக்க ஆரம்பித்தார். "கம்ப்யூட்டருக்கு இன்னா, வேண்டியவன் வேண்டாதவன்னு இருக்கா?" என்பார்.

ரெனால்டு நம் ஃபார்வர்டு. இடது காலால் அடித்தால் கோல் கீப்பருக்குப் பந்தே தெரியாது. ராணிப்பேட்டை கம்பெனியோடு ஃபைனல். ஜில்லா டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காகவே அவன் தினமும் ஷிப்ட் முடிந்து ஓடிக்கொண்டிருந்தான். அந்த வாரம்தான் கேன்டீனில் என் தொக்கை எடுத்துத் தன் தட்டில் கவிழ்த்துக்கொண்டான்.

"நீ உக்காந்துதானே இருக்க, உனக்கு எதுக்கு ஜாஸ்தி?" என்றான்.

நான் கோபப்படவில்லை. அவன் இடது காலை எண்பத்தெட்டிலிருந்து முப்பத்தொன்று ஆக்கினேன்.

நிசார் பாய் காட்டிய திரையைப் பார்த்து ரெனால்டு வாடிப்போனான். "எனக்கே கொஞ்ச நாளா டவுட்டுதான் பாய்," என்றான். மறுநாள் பயிற்சியில் அவன் அடித்த பந்து சுவர் தாண்டித் தோல் ஊறும் தொட்டியில் விழுந்தது. என் மார்க் சரிதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. ஓய்வெடுக்கட்டும் என்று அவன் மூச்சையும் குறைத்தேன். நிசார் பாய் அவனை வெளியே உட்கார வைத்தார்.

காலி இடத்துக்கு ஆள் வேண்டுமே. என் பெயரைச் சேர்த்துத் தொண்ணூற்றாறு போட்டேன்.

ஃபைனலில் நான் ஒரு கோல் அடித்தேன். நம் பக்கத்துக் கோலில். ஆள் எடுக்க வந்தவர்கள் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். ரெனால்டு துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

அன்று மாலையே உட்கார்ந்து ராணிப்பேட்டைக்காரர்களையும் கேமில் ஏற்றி, அத்தனை பேருக்கும் தொண்ணூற்றொன்பது போட்டேன். இப்போது பார்த்தால் நாம் தோற்றது நியாயமாகத்தான் தெரிகிறது.

என் மார்க்கை மட்டும் தொடவில்லை. சொந்த விஷயத்துக்காக மார்க்கில் கை வைக்கிற ஆள் நான் இல்லை.